ஸ்டார்ட் எடுக்க இழுக்கிற கார்: பற்றரியை மாற்ற முன்னம்

கார் ஸ்டார்ட் எடுக்க நேரம் எடுக்குது என்று சொன்னால் மட்டக்களப்பில் கிடைக்கிற முதல் பதில் "பற்றரிய மாத்து" என்பதுதான். பெற்றோல் செட்டில் நிற்கிற பெடியன் சொல்லுவான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாத பெரியம்மாவும் சொல்லுவா. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிற ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லாவிட்டால் நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காமல் நிற்கிறதா? இரண்டும் இரண்டு நோய். மெதுவாகச் சுற்றினால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும்: பற்றரி, வயர், ஸ்டார்ட்டர் மோட்டர். சுற்று நன்றாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பற்றரி கடைக்காரரிடம் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. பெற்றோல், பிளக், சென்சர் என்று வேறு வழியில் போக வேண்டும். என் காரில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

கார் நிசான் சன்னி, ஊரில் எல்லோரும் எஃப்பி 15 என்று சொல்கிறது. 1500 சிசி பெற்றோல், ஓட்டோ கியர். கல்முனைப் பக்கத்தில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதுக்காரைப் பற்றிக் கதைக்கவே மனம் வராது. ஆகவே இருபது வருசம் தாண்டிய கார்களை இங்கே ஆட்கள் காணி விற்கிற மாதிரி விற்கிறார்கள். விற்க முன்னம் கொஞ்சம் செலவழித்து மினுக்கியும் விடுகிறார்கள். இந்தக் காரின் பொனற்றைத் திறந்தால் உள்ளுக்கும் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. அந்தப் பெயின்றைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போட் பெட்டிக்குள் பழைய பில்கள் கிடந்தன. ஒரு பற்றரி பில். அதற்குக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு இன்னொரு பற்றரி பில். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிக் கரித்துண்டு மாற்றிய துண்டு. அதாவது முந்தின சொந்தக்காரரும் இதே வருத்தத்துக்குத்தான் மருந்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பாவித்த கார் வாங்குகிறவர்கள் மைலேஜைப் பார்க்கிற அளவுக்கு இந்தப் பில்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மைலேஜ் மீற்றரைத் திருப்பி வைக்கலாம், பெட்டிக்குள் மறந்துபோன பில்லை யாரும் திருத்துவதில்லை.

இணையத்தில் தேடினால் கிடைக்கிற புத்திமதியில் பாதி பனிக்காலத்துக்கு உரியது. எஞ்சின் ஓயில் குளிரில் தடித்துப்போகும், பற்றரி விறைத்துப்போகும் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மட்டக்களப்பில் மார்கழி மாரியில் கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே பற்றரியைக் கொல்வது சூடு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மத்தியானம் வெயிலில் விட்ட காரின் பொனற்றுக்குள் கை வைத்துப் பார்த்தால் தெரியும். சூட்டில் உள்ளே இருக்கிற தகடுகள் வேகமாக அரிபடுகின்றன, தண்ணீர் வற்றுகிறது. நாள் முழுக்கக் குளிரூட்டிய கட்டடத்துக்குக் கீழே நிற்கிற காருக்கும் கல்லடியில் வெளியில் நிற்கிற காருக்கும் ஒரே பற்றரி ஒரே காலத்துக்கு உழைக்கும் என்று எதிர்பார்க்க ஏலாது. அதோடு கல்லடி என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள நீட்டுத் துண்டு நிலம். ஜன்னல் கம்பி, சைக்கிள் றிம், தகரக் கூரை எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்கிறது. காரின் செப்பு வயரை மட்டும் அது விட்டுவைக்குமா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்காமல் வரமாட்டார், கேட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உடனே வந்துவிடுவார். வந்து பொனற்றைத் திறக்கவில்லை. முன்னால் போய் நின்று, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணு என்றார். இழுத்து இழுத்துச் சுற்றியது. அவர் லைட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மனே, லைட் பெரிசா மங்கல்ல. பற்றரியில குத்தமில்லகா."

இது ஒரு ரூபா செலவில்லாத சோதனை. ஸ்டார்ட் பண்ணும்போது லைட் அணைகிற அளவுக்கு மங்கினால் பற்றரியில் சக்தியில்லை, அல்லது பற்றரித் தலையில் மாட்டியிருக்கிற கிளிப் சரியில்லை. லைட் நன்றாக எரிந்துகொண்டே இருக்க எஞ்சின் மட்டும் சோம்பலாகச் சுற்றினால், பற்றரியில் இருக்கிற கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சுற்றவே சுற்றாமல் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரின் சொலனொய்ட்டுக்குள் (மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற காந்தச் சுவிட்ச்) இருக்கிற செப்புத் துண்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், முழு மோட்டரையும் மாற்றத் தேவையில்லை.

அடுத்தது அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பொறி தட்டியது. ஜம்பர் வயர் ஒன்று கொண்டுவரச் சொன்னார். நான் வேறு வாகனத்தின் பற்றரியோடு தொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கறுப்பு வயரை மட்டும் எடுத்தார். ஒரு நுனியை என் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மறு நுனியை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு இரும்பிலும் கடிக்க விட்டார். இப்ப அடி என்றார். அடித்தேன். புதுக்கார் மாதிரிச் சுற்றியது.

"எர்த் இல்ல மனே. எத்தின பற்றரி மாத்தினாலும் இப்பிடித்தான்."

விசயம் இதுதான். பற்றரியின் பொசிட்டிவில் இருந்து போகிற கரண்ட் ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு எஞ்சின் உடம்பு வழியாக நெகட்டிவுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு ஒரு தடித்த வயர் எஞ்சினில் அல்லது கியர்பொக்ஸில் பூட்டியிருக்கும், ஒரு மெல்லிய வயர் பொடியில் பூட்டியிருக்கும். லைட், ஹோர்ன், ரேடியோ எல்லாம் பொடி வயரோடு சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் லைட் மங்கவில்லை. ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூறு அம்பியர் அளவில். அதற்குத் தடித்த வயர் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டால் கரண்ட் வேறு இரும்புகள் வழியாகப் போகப் பார்க்கும். அக்சிலேட்டர் கேபிள் சுடுகிற கார்களை டிப்போக்காலத்தில் கண்டிருக்கிறாராம் மாமா.

அவர் போன பிறகு நான் மீற்றரை எடுத்தேன், எனக்கு இலக்கம் பார்க்காமல் நித்திரை வராது. சின்ன மல்ரிமீற்றர் ஒன்று போதும், விலையும் ஒரு டயர் பஞ்சர் நாலைந்து தரம் ஒட்டுகிற காசுக்குள்தான். காலையில் கதவைக் கூடத் திறக்க முன்னம் பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்தால் 12.5 வோல்ற் காட்டியது. 12.6 முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் வெறும் பெட்டி. ஓடிவந்து நிறுத்தியவுடன் பார்த்தால் இலக்கத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், அதனால் காலையில் பார்க்க வேண்டும். பிறகு பெற்றோல் பம்பின் ஃபியூசைக் கழற்றிவிட்டு (எஞ்சின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்ய வேண்டும் என்பதற்காக) மனைவியை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னேன். சுற்றும்போது பற்றரி முனையில் 11க்கு மேல் நின்றது. இது 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பற்றரியைச் சந்தேகப்பட வேண்டும்.

இனித்தான் முக்கியமான அளவு. மீற்றரின் ஒரு கம்பி பற்றரியின் நெகட்டிவ் ஈய முனையில், கிளிப்பில் அல்ல, முனையிலேயே. மற்றக் கம்பி எஞ்சின் இரும்பில். சும்மா இருக்கும்போது பூச்சியம். ஸ்டார்ட் அடிக்கும்போது 0.2 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். என்னுடையது 1.3. நூறு அம்பியரைப் பெருக்கிப் பாருங்கள், 130 வாற். எஞ்சினைச் சுற்ற வேண்டிய சக்தியில் அவ்வளவும் ஒரு போல்ற்றைச் சூடாக்குவதற்குப் போயிருக்கிறது. நாலைந்து தரம் அடித்த பிறகு அந்த இடத்தைத் தொட்டால் சுட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கராஜ்களில் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான். அதே வயரைக் கழற்றி மீற்றரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல வயர் என்றே காட்டும். 1.3ஐ நூறால் பிரித்தால் 0.013 ஓம்; சாதாரண மீற்றருக்கு அது கண்ணிலேயே படாது. ஒரே ஒரு செப்பு இழை மிச்சமிருந்தாலும் 'பீப்' என்று சத்தம் போட்டு வயர் சரி என்று சொல்லிவிடும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பொசிட்டிவ் பக்கமும் இப்படியே, பற்றரி முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ற்றுக்கும் இடையில் அளக்கலாம். அங்கே அரை வோல்ற் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

கியர்பொக்ஸ் பக்கத்து போல்ற்றைக் கழற்றினால், வயரின் காதுக்கும் (நுனியில் போல்ற் போகிற வளையம்) இரும்புக்கும் இடையில் கறுப்புப் பெயின்ற். அதே பளபளக் கறுப்பு. எஞ்சின் பக்கத்தை அழகுபடுத்தினவர் வயரைக் கழற்றிவிட்டுப் பெயின்றை அடித்து, பெயின்ற்றுக்கு மேலேயே திருப்பிப் பூட்டியிருக்கிறார். வயரின் றப்பர் உறையை ஒரு விரல் அளவு வெட்டிப் பார்த்தால் உள்ளே செப்பு இல்லை, பச்சையும் கறுப்புமாகப் பொடி. நகத்தால் சுரண்டினால் இழை இழையாக உதிர்ந்தது. அது உப்புக் காற்றின் வேலை. வெளியில் இருந்து பார்த்தால் அந்த வயரில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காத்தான்குடியில் வயர் வாங்கினேன். கடைக்காரக் காக்கா என்ன அளவு என்று கேட்டார், நான் பழையதைக் காட்டினேன், அவர் அதைவிடத் தடித்ததை எடுத்துப் போட்டு, "தம்பி, இதுக்குக் காத நசுக்கிப் போடக்கூடா, ஈயம் ஊத்தித்தான் போடணும்" என்று அங்கேயே செய்தும் தந்தார். போல்ற் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூட்டின பிறகு மேலே கிறீஸ் பூசினேன். பற்றரித் தலையில் பூத்திருந்த வெள்ளைப் பூவுக்கு அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும், பற்றரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மறுபடி அளந்தேன்: 0.1.

சரி, சுற்று வந்துவிட்டது. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட் இன்னும் நீண்டது. நன்றாகச் சுற்றும், சுற்றும், சுற்றும், பிறகுதான் பிடிக்கும். கல்முனைக்கு வேலைக்குப் போய், சந்தைக்குப் பக்கத்தில் வெயிலில் ஒரு இருபது நிமிசம் விட்டுவிட்டு வந்தால் அதைவிட மோசம். நிறுத்தி உடனே அடித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. எர்த் வயர் இழுத்த இழுப்பில் இந்த இரண்டாவது நோய் இவ்வளவு நாளும் மறைந்து கிடந்திருக்கிறது.

இதற்கும் ஒரு காசில்லாச் சோதனை உண்டு. திறப்பை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஓன் வரை மட்டும் திருப்பினால் பின் சீற்றுக்குக் கீழே பெற்றோல் பம்ப் ஒரு சில நொடி 'ஙீ' என்று ஓடி நிற்கும். ஏசிக் காற்று, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேட்டால் கேட்கும். திறப்பை மூடி, மறுபடி ஓன். இப்படி மூன்று தரம் செய்துவிட்டு ஸ்டார்ட் அடித்தேன். தொட்டவுடன் பிடித்தது. (எல்லாக் காரிலும் இது நடக்காது. பழைய கொரோலாக்கள் பலவற்றில் ஸ்டார்ட் அடித்தால்தான் பம்ப் ஓடத் தொடங்கும், அங்கே இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது.)

நம்மூரில் கிணற்று மோட்டர் வைத்திருக்கிற எவருக்கும் இது உடனே விளங்கும். புட்வால்வ் பழுதானால் மோட்டரை நிறுத்தியவுடன் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், அடுத்த தரம் போட்டால் வெறும் காற்றைத்தான் இழுக்கும். காரின் பெற்றோல் பம்புக்குள்ளும் அப்படி ஒரு சின்ன வால்வ் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தின பிறகும் குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. அது தேய்ந்தால் இரவோடு இரவாக அழுத்தம் இறங்கிவிடும், காலையில் பம்ப் முதலில் குழாயை நிரப்பி, பிறகு அழுத்தத்தை ஏற்றி, அதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர் ஒழுங்காகப் பீச்சும். வெயிலில் ஏன் இன்னும் மோசம் என்றால், நிறுத்தின எஞ்சினின் சூடு முழுக்கப் பெற்றோல் குழாயில் ஏறுகிறது. அழுத்தம் இருக்கும்வரை பெற்றோல் பெற்றோலாக நிற்கும், அழுத்தம் இல்லாவிட்டால் கொதித்து ஆவியாகிவிடும். உடனே அடித்தால் பிடிப்பதும், இருபது நிமிசம் கழித்து அடித்தால் இழுப்பதும் அதனால்தான்.

இதே அறிகுறியை இன்ஜெக்டர் கசிவும் காட்டும், ஆனால் அதில் ஸ்டார்ட் ஆகும்போது பெற்றோல் மணக்கும், கறுப்புப் புகை ஒரு தரம் வரும், அக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு அடித்தால் சுலபமாகப் பிடிக்கும். என் காரில் அது ஒன்றும் இல்லை. பழைய, டிஸ்றிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுகிற பாகம்) உள்ள கார் என்றால் மாரியில் அதன் மூடிக்குள் ஈரம் கோத்தும் இப்படி இழுக்கும். மழை நாளில் மட்டும் வருகிற வருத்தம் என்றால் முதலில் அங்கே துணியால் துடைத்துப் பாருங்கள்.

பம்பைக் கழற்றப் பின் சீற்றைத் தூக்க வேண்டும், கீழே ஒரு தகர மூடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் ஃபியூசை இழுத்து, தானாக நிற்கும்வரை விட்டு, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் குழாயில் கை வைக்க வேண்டும். பற்றரி வயரையும் கழற்ற வேண்டும். திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் யாராவது பீடி பற்ற வைத்தால் துரத்த வேண்டும். இந்த வேலையை மாமாவோடு சேர்ந்து வேப்பமரத்துக்குக் கீழே செய்தோம். வெளியே வந்த பம்பின் அடியில் இருக்கிற வலைப்பை வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், கரிச்சட்டி துடைத்த சீலை மாதிரிக் கறுத்திருந்தது. தாங்கியின் அடியில் சேறு மாதிரி ஒரு படிவு. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். ஜூலையில் கியூஆர் கோட் வந்து கோட்டா கிடைக்கும்வரை கானிலும் போத்தலிலும் வாங்கி ஊற்றாத ஆளில்லை, தாங்கி அடியில் கிடந்த கடைசிச் சொட்டுவரை ஓட்டினோம். பெற்றோலில் மூழ்கி இருந்தால்தான் அந்தப் பம்ப் குளிர்ந்திருக்கும். ரிசேவ் லைட் எரிய எரிய ஓடின கார்களின் பம்புகள் அதற்குப் பிறகு ஒன்றொன்றாகப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து கழற்றின பம்ப் வருவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், விலை பாதிதான். கதவு, கண்ணாடி, கியர்பொக்ஸ் என்றால் நானும் அங்கேதான் கேட்பேன். ஆனால் தேய்ந்த வால்வுக்குப் பதிலாக இன்னொரு தேய்ந்த வால்வை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, புதிது போட்டேன். இப்போது காலையில் ஒரு நொடிக்குள் பிடிக்கிறது, கல்முனை வெயிலிலும்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது, சின்னது. காரை மூன்று நாலு நாள் ஓடாமல் விட்டால் மட்டும் சுற்று தளர்ந்தது. நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, மீற்றரை அம்பியரில் வைத்து இடையில் கோத்து, கதவை மூடிக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தால் 0.3 அம்பியர். 0.05க்குள் இருக்க வேண்டியது. 45 அம்பியர் மணி பற்றரிக்கு அது மூன்று நாளில் பாதியைக் குடித்துவிடும். ஃபியூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்த ஃபியூசில் இலக்கம் விழுகிறதோ அதுதான் கள்ளன். முந்தினவர் பூட்டின தொடுதிரை செட் நேரே பற்றரியில் இருந்து கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தது. திறப்போடு சேர்ந்து அணையும் வயருக்கு மாற்றினேன்.

பார்க்கப் போகிற ஆட்களுக்கு ஒன்று: விற்கிறவரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு அரை மணி முன்னம் போங்கள். போனவுடன் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார், ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டு இருபது நிமிசம் கழியட்டும், பிறகு திறப்பைக் கேளுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு ஒரு ஆளை முன்னால் நிறுத்திவிட்டு அடியுங்கள். ஓட்டோ கார் என்றால் தள்ளி ஸ்டார்ட் எடுக்க ஏலாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.